சிக்கெடுக்கிற பிரஷ், எட்டு மாச ரிவ்யூ: முடி ரொம்ப அடர்த்தியா இருக்கிறவங்களுக்கு மட்டும்

முதல்லயே சொல்லிடறேன், ஒரு ரப்பர் பேண்டை மூணு சுத்து சுத்திக் குதிரைவால் போட முடியுதுன்னா இந்த ரிவ்யூ உங்களுக்கு இல்ல, தாராளமா வேற ரிவ்யூ பாக்கப் போயிடலாம். எனக்கு ஒரு சுத்துதான் வரும், ரெண்டாவது சுத்துக்கு இழுத்தா பட்டுனு அறுந்து விரல்ல அடிக்கும். குதிரைவாலோட அடியில டேப் வெச்சு அளந்தா சுத்தளவு 13 சென்டிமீட்டர், பொதுவா 10க்கு மேல போனாலே அடர்த்தின்னு சொல்லுவாங்க. நீளம் இடுப்பு வரைக்கும், லேசா அலை அலையா இருக்கும், சுருட்டைன்னு சொல்ல முடியாது. இந்த ஜாதகத்தை எல்லாம் ஏன் சொல்றேன்னா நான் இந்த பிரஷ்ஷை வாங்கினதே ஒரு வீடியோவைப் பாத்துதான், அதுல அந்தப் பொண்ணு உச்சிலேர்ந்து நுனி வரைக்கும் ஒரே இழுப்பு, வழுக்கிட்டுப் போகுது, நானும் ஆஹான்னு ஆர்டர் போட்டுட்டேன். அப்புறம் நிதானமா திரும்பப் பாத்தா அவங்க முடிக்கு நடுவுல பின்னாடி இருக்கிற சுவரு தெரியுது.

இதுக்கு முன்னாடி வெச்சிருந்த பிரஷ் ஒருநாள் காலைல அவசரத்துல இழுக்கும்போது கழுத்துப் பக்கம் முறிஞ்சு, பிடி கையில, மிச்சம் தலையில. அதை எடுக்க இன்னொருத்தர் வர வேண்டியதாப் போச்சு. முடி கொட்டுதுன்னு அழுறவங்க கிட்ட போய் இதைச் சொல்லவும் முடியாது, "உனக்கென்னம்மா, கூந்தல் இருக்கிற மகராசி அள்ளி முடியற"ன்னு வாயை அடைச்சிடுவாங்க. அள்ளலாம், முடியறதுக்குத்தான் கிளிப் தெறிக்குது, அது அந்தப் பழமொழி சொன்னவங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல.

சரி பிரஷ்ஷுக்கு வரேன். உள்ள மெத்தை வெச்ச பழைய டைப் இல்ல இது, பிளாஸ்டிக் பல்லு நேரா அடிப்பாகத்துலேர்ந்தே முளைச்சிருக்கும், ஒரு வரிசை நீளப் பல்லு, நடுநடுவுல ஒரு வரிசை குட்டைப் பல்லு. நீளமானது சிக்குக்குள்ள போய் முட்டினதும் வளைஞ்சு கொடுத்து நழுவும், குட்டையானது பின்னாடியே வந்து மேல்பரப்பை ஒதுக்கி விடும், ஐடியா அவ்வளவுதான். இந்த மாதிரி பிரஷ்ஷைப் பிரபலமாக்கினது டேங்கிள் டீசர், பிரிட்டன்ல ஷான் பல்ஃப்ரின்னு ஒரு ஹேர் கலரிஸ்ட் கண்டுபிடிச்சது. அவரு 2007ல டிராகன்ஸ் டென்னுங்கிற டிவி நிகழ்ச்சில முதலீடு கேட்டுப் போய், அங்க இருந்த பணக்காரங்க அத்தனை பேரும் வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் அது உலகம் பூரா வித்து, இப்ப அதே தினுசுல ஆளாளுக்கு ஒண்ணு போடறாங்க. நான் வாங்கினது அப்படிப் போட்டதுல ஒண்ணு, நீளக் கைப்பிடி வெச்சது. பேரு சொல்லப் போறதில்ல, ஏன்னா நான் சொல்லப்போற குறை பாதி இந்த டிசைனுக்கே பொதுவான குறையாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

முதல் நாள் அனுபவம் சூப்பர். தலைக்குக் குளிச்சு, பாதி காஞ்சதும் வாரினேன், வலிக்கவே இல்ல, இழுப்பே இல்ல, நாலு நிமிஷத்துல முடிஞ்சு போச்சு. எனக்கு நாலு நிமிஷத்துல தலை வாரி முடிஞ்சதா சரித்திரமே கிடையாது, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும், படல, அஞ்சு ஸ்டார் கொடுக்கலாம்னு கைபேசியே எடுத்துட்டேன். மூணாம் நாள் ராத்திரி பின்னலை அவுத்துட்டு பிடரிப் பக்கம் விரலை விட்டா உள்ள ஒரு கூடு. குருவிக்கூடுன்னே வெச்சுக்கோங்க, கெட்டியா, விரல் போகாத அளவுக்கு. மேல பாத்தா விளம்பரம் மாதிரி பளபளன்னு இருக்கு, உள்ள சடை பிடிச்சுக் கிடக்கு. பல்லு வளைஞ்சு கொடுக்குதுன்னு சொன்னேன் பாருங்க, அதுதான் விஷயம், அடர்த்தியான முடில அது உள்ள போகாமலே வளைஞ்சு, மேல் அடுக்கை மட்டும் தடவிட்டு வந்துடுச்சு. வலிக்காததுக்குக் காரணமும் அதுதான், சிக்கைத் தொட்டாத்தானே வலிக்கும்!

அன்னிலேர்ந்து நான் வாங்குற எந்தப் பொருளுக்கும் ஒரே பரீட்சைதான் வெக்கிறேன், காதுக்குப் பின்னாடி, பிடரிக்கு மேல இருக்கிற உள்முடி வரைக்கும் இது போகுதா இல்லையா. மேல் முடிக்கு எதைப் போட்டாலும் அழகாத்தான் தெரியும், பாட்டில்ல எழுதியிருக்கிறது அத்தனையும் அங்க நிஜமாயிடும். உள்முடிலதான் சாயம் வெளுக்கும்.

அந்தக் கூடு எதால ஆனதுன்னு பிரிச்சுப் பாத்தப்ப பாதிக்கு மேல ஏற்கெனவே உதிர்ந்த முடி. ஒரு நாளைக்கு 50லேர்ந்து 100 முடி உதிர்றது சகஜம்னு தோல் டாக்டருங்க சொல்றாங்க, முடி கம்மியா இருந்தா அது தரையிலயும் தோள்லயும் விழுந்துடும், நமக்கு விழறதுக்கு வழியே இல்ல, உள்ளயே நின்னு பக்கத்து முடியைச் சுத்திக்கும். மூணு நாள் சரியா வாராம விட்டா 200, 300 முடி உள்ள கிடக்கும், அப்புறம் குளிக்கும்போது கொத்தா கையில வரும், ஐயோ கொட்டுதேன்னு பதறுவோம். கொட்டினது எல்லாம் என்னைக்கோ கொட்டினது, இன்னைக்குத்தான் வெளிய வந்திருக்கு. (அதுக்காக எப்பவுமே கண்டுக்காதீங்கன்னு சொல்லல, வகிடு அகலமாகுது, திட்டுத் திட்டா போகுதுன்னா டாக்டர் கிட்ட போங்க.)

அதுக்கப்புறம் பிரஷ்ஷைத் தூக்கிப் போடலாம்னுதான் நினைச்சேன், ஆனா காசு கொடுத்து வாங்கினதாச்சேன்னு வேற மாதிரி முயற்சி பண்ணேன். நடு வகிடு எடுத்து ரெண்டாப் பிரிச்சு, ஒவ்வொண்ணையும் காதுக்கு மேலேர்ந்து படுக்கை வாட்டத்துல மேல் கீழ்னு ரெண்டாக்கி, மேல் பாதியைச் சுருட்டி கிளிப் போட்டுட்டு கீழ்ப் பாதியை மட்டும் முதல்ல வாரணும், அதுலயும் நுனிலேர்ந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறணும். ஒரு தடவைல கைக்குள்ள இருக்கிற முடி பிரஷ் பல்லோட நீளத்தை விட கனமா இருக்கக் கூடாது, இதுதான் என் கணக்கு. பல்லோட முனை அந்தப் பக்கம் எட்டிப் பாக்கணும், எட்டிப் பாக்கலன்னா இன்னும் சின்னதாப் பிரிங்க. எனக்கு ஆறு பிரிவு வருது. இப்படி வாரினப்ப அதே பிரஷ் ரொம்ப நல்ல பிரஷ்ஷா ஆயிடுச்சு, நிஜமாவே! முன்னாடி அகலப் பல் சீப்பு வெச்சு 25 நிமிஷம் மல்லுக்கட்டினது இப்ப 11, 12 நிமிஷம், உடையிற சத்தமும் கேக்கல. உடையிற சத்தம்னா தெரியும்ல, டப் டப்னு காதுக்குப் பக்கத்துல, கேட்டாலே பல்லு கூசும்.

ஈரத்துல வாரலாமான்னு எல்லாரும் கேக்கறது. ஈரமா இருக்கும்போது முடிக்குள்ள இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்பு எல்லாம் தளர்ந்து ரப்பர் மாதிரி நீளும், அதோட நீளத்துல சுமார் 30 சதவீதம் வரைக்கும் நீண்டுட்டு திரும்ப பழைய நிலைக்கு வந்துடும், அதைத் தாண்டினா திரும்பாது. அதனால நேரான முடின்னா கொஞ்சம் காயவிட்டு வாருங்க, நல்ல சுருட்டைன்னா ஈரமா இருக்கும்போதே அகலப் பல் சீப்பால வாருங்கன்னு சொல்லுவாங்க. நான் ரெண்டுக்கும் நடுவுல இருக்கேன், கண்டிஷனர் தலையில இருக்கும்போதே பாத்ரூம்ல விரலாலயும் அகலப் பல் சீப்பாலயும் பெரிய சிக்கை எடுத்துடுவேன், பிரஷ் எல்லாம் முக்கால்வாசி காஞ்சப்புறம்தான்.

கண்டிஷனர்னு வந்தாச்சு, அதையும் சொல்லிடறேன், ஏன்னா அது சரியில்லன்னா எந்த பிரஷ்ஷும் வேலைக்கு ஆகாது. பின்னாடி எழுதியிருக்கிற லிஸ்ட்ல பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரைமோனியம் குளோரைடு மாதிரி ஏதாவது முன்னாடியே வருதான்னு பாருங்க, அதுக்கு நேர்மின்னூட்டம், முடிக்கு எதிர்மின்னூட்டம், ரெண்டும் ஒட்டிக்கும், அதனாலதான் அலசினப்புறமும் ஒரு வழவழப்பு மிச்சம் நிக்குது. அதுக்கு மேல பேர் தெரியாத பூவோட சாறு எல்லாம் வாசனைக்குன்னு நினைச்சுக்குவேன், என் அபிப்பிராயம். அளவு விஷயத்துலதான் நம்மள ஏமாத்திடறாங்க, "நாணயம் அளவு எடுத்து தடவவும்"னு போட்டிருக்கும், அந்த நாணயம் எனக்கு இடது காதுப் பக்கமே பத்தாது. நாலு பிரிவா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எடுத்துக்கோங்க, எல்லாத்தையும் கையில ஊத்திட்டு உச்சந்தலைல அப்பினீங்கன்னா மேல பிசுபிசுப்பு, உள்ள வறட்சி. ஷாம்பு இதுக்கு நேர் எதிர், அது வேர்ல மட்டும் போனா போதும், நுனிக்கு அலசும்போது வழியிற நுரையே தாராளம். ஷாம்புவைக் கொஞ்சம் தண்ணில கரைச்சு மூக்கு வெச்ச பாட்டில்ல ஊத்தி வகிடு வகிடா விடறேன், இது நானா கண்டுபிடிச்சதுன்னு பெருமைப்பட்டுட்டு இருந்தேன், அப்புறம் பாத்தா பாதிப் பேரு இதைத்தான் பண்றாங்களாம்.

காய வெக்கிறது பெரிய தலைவலி, சொல்லப்போனா சிக்கை விடப் பெரிசு. சும்மா விட்டா எனக்கு ஏழு எட்டு மணி நேரம் ஆகும், ராத்திரி குளிச்சா காலைல பிடரிப் பக்கம் ஈரமா ஒரு புழுங்கின வாடை. இயற்கையா காயறதுதான் முடிக்கு நல்லதுன்னு ரொம்ப நாளா பிடிவாதமா இருந்தேன். 2011ல கொரியாவுல ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, சூடு கூடக் கூட முடியோட வெளிப்பக்கம் சேதமாகிறது உண்மைதான், ஆனா இயற்கையா காய விட்ட முடில உள்ள செல்லுக்கு நடுவுல பசை மாதிரி இருக்கிற அடுக்கு கெட்டுப் போயிருந்திருக்கு, தண்ணில ரொம்ப நேரம் ஊறிக் கிடந்ததாலயா இருக்கும்னு சொல்றாங்க. 15 சென்டிமீட்டர் தள்ளி வெச்சு ட்ரையரை அசைச்சுக்கிட்டே காய வெச்சா இயற்கையா காயறதை விட சேதம் கம்மின்னு முடிச்சிருந்தாங்க. படிச்சுட்டு எனக்கு ஒரு பக்கம் கோவம், இத்தனை வருஷம் ஈரத்தலையோட படுத்தது எதுக்கு.

அதனால பிரஷ்ஷோட சேத்து ட்ரையருக்கும் ஒரு வரி. 2000 வாட்ஸ்னு போட்டிருக்கேன்னு மயங்காதீங்க, வாட்ஸ் கரண்ட்டு எவ்வளவு இழுக்குதுன்னுதான் சொல்லும், காத்து எவ்வளவு வேகமா வருதுன்னு சொல்லாது, நமக்குத் தேவை சூடு இல்ல, காத்து. சூட்டைக் கம்மியா வெச்சு, ஸ்பீடைக் கூட வெச்சு, அதே ஆறு பிரிவு, அதே கீழ்ப் பாதி முதல்ல, வேர்ல காத்து படற மாதிரி விரலால தூக்கித் தூக்கி விடணும். சொட்டச் சொட்ட இருக்கும்போது மட்டும் ட்ரையரை ஃபுல் சூட்டுல கிட்ட வெச்சுடாதீங்க, உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி முடிக்குள்ள குமிழ் மாதிரி ஓட்டை விழும், அந்த இடத்துல பொட்டுனு உடையும். முதல்ல மைக்ரோஃபைபர் டவலோ பழைய காட்டன் டீஷர்ட்டோ சுத்தி அரை மணி நேரம் விடுங்க, தேய்க்காதீங்க, அமுக்கி எடுங்க. ரெடிமேடா பட்டன் வெச்சு வர்ற டவல் தொப்பி வாங்கினேன், முடியை உள்ள திணிச்சா பட்டன் எட்டல, திணிக்காம விட்டா கழுத்துல தொங்குது, இப்ப அது கண்ணாடி துடைக்க நல்லா யூஸ் ஆகுது.

பிரஷ்ஷோட குறைக்கு வரேன். அஞ்சாவது மாசம் ஓரத்து வரிசைல நீளப் பல்லு எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிடுச்சு, வளைஞ்சது வளைஞ்சதுதான், நிமிரல. அடுத்து பல்லோட அடில உதிர்ந்த முடியும் எண்ணெயும் சேந்து சாம்பல் கலர்ல ஒரு பொருக்கு, மெத்தை வெச்ச பிரஷ்ஷை விட கழுவறது சுலபம்தான், தண்ணி உள்ள போய்த் தேங்காது, ஆனா வாரத்துக்கு ஒரு தடவையாவது பழைய டூத் பிரஷ்ஷும் ஷாம்புவும் வெச்சு தேய்க்கணும், இல்லன்னா கழுவின முடிக்கே அந்த அழுக்கைத் திருப்பிப் பூசும். கைப்பிடி பரவால்ல, முறியல, ஈரக் கைல கொஞ்சம் வழுக்குது.

இன்னொரு விஷயம், இது முக்கியம். அடர்த்தின்னு நாம ஒரே வார்த்தைல சொல்றது ரெண்டு வேற வேற சமாச்சாரம். ஒண்ணு எண்ணிக்கை, தலையில சராசரியா 1 லட்சம் முடி இருக்கும்னு சொல்லுவாங்க, நமக்கு அதுக்கு மேல. இன்னொண்ணு ஒவ்வொரு இழையோட தடிமன், அது சுமார் 50லேர்ந்து 100 மைக்ரான் வரைக்கும் ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு எண்ணிக்கை ஜாஸ்தி, இழை மெல்லிசு, ஒரு முடியை எடுத்து விரல் நடுவுல உருட்டினா இருக்கிறதே தெரியாது. என் சித்தி பொண்ணுக்கு எண்ணிக்கையும் ஜாஸ்தி இழையும் கனம், கம்பி மாதிரி விறைப்பா நிக்கும். அவ கிட்ட இதே பிரஷ்ஷைக் கொடுத்தா ஒரு வாரத்துல திருப்பிக் கொடுத்துட்டா, "அக்கா இது என் முடிக்கு முன்னாடி தலை வணங்குது, வேற ஏதாவது இருந்தா கொடு"ன்னு. உண்மைதான், எத்தனை பிரிவா பிரிச்சாலும் அவளுக்குப் பல்லு மடங்கிடுது. அவளுக்கு அகலப் பல் சீப்பு, அதுவும் வார்ப்புல வர்ற பிசிறு இல்லாத சீப்பு, (பல்லு நடுவுல நகத்தை ஓட்டிப் பாருங்க, சொரசொரன்னு கோடு தட்டுப்பட்டா முடியை அறுக்கும்) அதுதான் சரி. ரேட்டிங் பாத்து வாங்கறதுக்கு முன்னாடி நீங்க ரெண்டுல எதுன்னு உருட்டிப் பாத்துக்கோங்க.

கனத்தைக் குறைக்கலாம்னு தின்னிங் பண்ணிக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பார்லர்ல "மேடம் வெயிட்டைக் கொறச்சு விடறேன், காத்தாட இருக்கும்"னு பல்லு வெச்ச கத்தரியை எடுத்து வேர்லேர்ந்து நாலு விரல் தள்ளி நறுக் நறுக்னு போட்டு விட்டாங்க, வேணாம்னு வாயைத் திறக்கறதுக்குள்ள தரை பூரா முடி. ஒரு மாசம் சுகமாத்தான் இருந்துச்சு. அப்புறம் வெட்டுப்பட்ட குட்டை முடி எல்லாம் உள்ளேர்ந்து குத்தீட்டி மாதிரி நிமிர்ந்து மேல இருக்கிற நீள முடியை வெளிய தள்ள, இருந்ததை விட ஒரு மடங்கு உப்பிடுச்சு. முடி மாசத்துக்கு சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும், இடுப்பு நீளத்துக்கு அது வந்து சேர எத்தனை வருஷம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. இன்னைக்கும் எனக்கு உள்முடில சிக்கு பிடிக்கிறது அந்தக் குட்டை முடி முனைலதான். மெல்லிசான இழை உள்ளவங்க தின்னிங்குக்கு சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க, நுனிப் பக்கம் லேயர் மாதிரி வெட்டிக்கிறது எவ்வளவோ தேவலாம்.

கிளிப், பேண்டு பத்தி சுருக்கமா: பெரிய க்ளா கிளிப்லயே ஸ்பிரிங் கெட்டியா இருக்கிறதுதான் நிக்கும், மத்தது எல்லாம் தும்மினா தெறிக்கும். துணி சுத்தின ஸ்க்ரஞ்சி அகலமா இருக்கிறது நல்லது. முழு முடியையும் உச்சில தூக்கி இறுக்கிக் கட்டினா எனக்கு சாயங்காலம் தலை வலிக்கும், நானா கற்பனை பண்ணிக்கிறேன்னு நினைச்சேன், முடி இழுபடறதால வர்ற தலைவலிக்கு சர்வதேச தலைவலி வகைப்பாட்டுலயே தனியா ஒரு இடம் இருக்கு. தினம் அப்படி இழுத்துக் கட்டினா முன் நெத்தில முடி போகவும் போகும். நான் தளர்வா ரெண்டு பின்னல் போட்டு சேத்துக் கட்டிக்கிறேன், கனம் ரெண்டு பக்கமும் பங்கிடுது.

ரேட்டிங் கேட்டா அஞ்சுக்கு மூணரை. இழை மெல்லிசா, எண்ணிக்கை ஜாஸ்தியா இருந்து, பிரிச்சு வாரப் பொறுமை இருந்தா நாலு, அவசரக்காரங்களுக்கு ரெண்டுதான், ஏன்னா அவசரத்துல வாரினா இது உங்களை ஏமாத்தும், சிக்கு இல்லன்னு நம்ப வெச்சுடும். இழை கனமா இருந்தா வாங்கவே வாங்காதீங்க. நான் போன வாரம் ரெண்டாவதா அதையே ஆர்டர் போட்டுட்டேன், கலர் மட்டும் இந்தத் தடவை மஞ்சள். கறுப்பு பிரஷ்ல சிக்கின கறுப்பு முடி கண்ணுக்கே தெரியறதில்ல, எட்டு மாசம் கழிச்சு வெளிச்சத்துல பாத்துட்டு நானே அருவருத்துட்டேன்.